பைக் ஃபிரேமுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதும் பவுடர் கோட்டிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டில் 1985 முதல் 1996 வரை வந்த அதே 98 சிசி யமஹா. மாமா 1994-ல் வாங்கி ஓட்டியது, அப்புறம் என் கைக்கு வந்தது. வீடு நாகப்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அந்த வண்டியின் ஃபிரேமுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் தடவை அவசரப்பட்டதில் ஒரே வருடத்தில் தோல் உரிந்தது. இரண்டாவது தடவை அடித்தது ஐந்தாவது வருடமாக நிற்கிறது. நடுவில் நண்பர் ஒருவரின் டிவிஎஸ் 50 ஃபிரேமைப் பவுடர் கோட்டிங் கடைக்குக் கொண்டுபோன அனுபவமும் உண்டு. அதற்குப் பிறகு பலர் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா? எது நல்லது?

கடையில் ஒழுங்காகச் செய்த பவுடர் கோட்டிங், வீட்டில் ஒழுங்காக அடித்த பெயிண்டைவிடக் கெட்டியானது. கல் பட்டாலும் சங்கிலி உரசினாலும் சீக்கிரம் போகாது. ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, பவுடர் கோட்டிங் அடிபட்டு உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்பப் போட முடியாது. பெயிண்ட் என்றால் ஒரு சின்ன பிரஷ்ஷில் தொட்டு வைத்துவிடலாம். இரண்டு, உடைந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பூச்சுக்கு அடியிலேயே துரு நடந்து போகும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் நகத்தால் நெம்பினால் தகடு தகடாக வரும். கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைக்க வேண்டும்.

என் முடிவு இது: தினமும் ஓட்டுகிற, வீட்டில் நிற்கிற, நீங்களே பார்த்துக்கொள்கிற வண்டிக்குப் பெயிண்ட் போதும். முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டப் போகிறீர்கள், பக்கத்தில் நம்பிக்கையான கடையும் இருக்கிறது என்றால் பவுடர்.

பவுடர் கோட்டிங்கை வீட்டிலேயே செய்ய முடியுமா?

சின்னச் சாமான்களுக்கு முடியும். ஃபிரேமுக்கு முடியாது என்றே சொல்வேன்.

பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் மாவு மாதிரியான ஒரு பொடி. ஸ்ப்ரே கன்னிலிருந்து வரும்போது அதற்கு மின்னூட்டம் ஏறும். ஃபிரேமை எர்த்தில் இணைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், அதனால் பொடி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஊதினால் பறந்துவிடும். அப்படியே அடுப்பில் வைத்து, பொடியின் வகையைப் பொறுத்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 முதல் 20 நிமிடம் வேகவிட்டால்தான் உருகி, ஓடி, இறுகிப் பூச்சாகும். இதில் பலரும் தவறவிடுவது, அந்தச் சூடு காற்றின் சூடு இல்லை என்பது. இரும்பே அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் நிமிடக் கணக்கு தொடங்கும். ஸ்டீயரிங் கழுத்து போன்ற தடித்த இடம் மெல்லிய குழாயைவிட மெதுவாகச் சூடேறும்.

வீட்டு அவனில் ஒரு ஃபிரேம் நுழையாது. கேஸ் டார்ச்சாலோ ஹீட்டர் விளக்காலோ பகுதி பகுதியாகச் சூடு காட்டினால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாமல் நிற்கும். வேகாத பவுடர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், முதல் மழையில்தான் தெரியும். ஃபுட் ரெஸ்ட், பிராக்கெட் மாதிரிச் சின்னச் சாமான்களுக்குத் தனியாக ஒரு பழைய அவன் வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த அவனில் அப்புறம் ஒருநாளும் கேக்கோ ரொட்டியோ வைக்கக் கூடாது. காற்றில் பறக்கிற பவுடர் தூசி தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபிரேமை முழுக்கக் கழற்ற வேண்டுமா? இன்ஜினை வைத்துக்கொண்டே அடிக்கக் கூடாதா?

முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். இன்ஜினைப் பாலித்தீனில் சுற்றி, டேங்கையும் சீட்டையும் மட்டும் எடுத்துவிட்டு அடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் துரு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. பேட்டரி ட்ரேக்கு அடியில், இன்ஜின் மவுண்டிங் போல்ட்டைச் சுற்றி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடத்தில், பின் மட்கார்டு ஃபிரேமைத் தொடும் இடத்தில்தான் இருக்கிறது. அங்கெல்லாம் கை போகவே இல்லை. ஒரே வருடத்தில் அங்கிருந்துதான் தொடங்கியது.

எனவே முழுக்கப் பிரியுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள், வயரிங் போகிற பாதையை மட்டும் இரண்டு மூன்று கோணத்தில். போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். பழைய சிறு வண்டிகள் பலவற்றில் ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங்கான ஸ்டீயரிங் கோன் செட்டுக்குள் பால்ரஸ் குண்டுகள் உதிரியாகத்தான் இருக்கும். ஃபோர்க்கைக் கீழே இறக்கியதும் பட்டாணி கொட்டுவது போலக் கொட்டிவிடும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொண்டு இறக்குங்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள்.

பழைய பெயிண்டை முழுசாக எடுத்தே ஆக வேண்டுமா?

பெயிண்டுக்குப் போனால், வேண்டாம். இரும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கும் கம்பெனிப் பூச்சைப் போன்ற அடித்தளம் வீட்டில் அமையாது. அதன் மினுமினுப்பு போகிற அளவுக்கு 320 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் போதும். தூக்கியிருக்கிற, கொப்பளித்திருக்கிற, விளிம்பு உரிந்திருக்கிற இடங்களில் மட்டும் இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டும். பழைய பூச்சும் வெறும் இரும்பும் சந்திக்கிற விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, விரலை ஓட்டினால் படி தட்டுப்படாத அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பவுடருக்குப் போனால் முழுசாக எடுக்க வேண்டும். அதைக் கடையிலேயே பிளாஸ்டிங் செய்து, அதாவது காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி, எடுத்துவிடுவார்கள், நீங்கள் கைவலிக்கத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய பூச்சு என்ன வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வெள்ளைத் துணியில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ் என்ற, வேகமாகக் காயும் வகை) பெயிண்டுக்கான தின்னர் நனைத்து ஓர் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணிக்கு வந்தால் யாரோ நடுவில் என்சி பெயிண்டோ டின் ஸ்ப்ரேயோ அடித்திருக்கிறார்கள். அதன்மேல் காரமான தின்னர் கலந்த எதை அடித்தாலும் கீழ்ப்பூச்சு இளகிச் சுருங்கும், அதனால் அதை எடுத்துவிடுங்கள். நிறம் வராவிட்டால் சூட்டில் வேகவைத்த கம்பெனிப் பூச்சோ ஹார்டனர் கலந்த பெயிண்டோதான். பயமில்லை.

தேய்க்கும்போது முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு. 80-களிலும் 90-களிலும் வண்டிக்கு அடித்த பெயிண்டில் ஈயம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் காய்ந்த தூசி பறக்கவிடாதீர்கள்.

துருவை எப்படி எடுப்பது?

முதலில் வயர் பிரஷ். கிரைண்டரில் மாட்டுகிற கப் பிரஷ் என்றால் வேகமாக வேலை நடக்கும், ஆனால் அதிலிருந்து கம்பி தெறிக்கும். முழுக்க மூடிய கண்ணாடி இல்லாமல் அதைக் கையில் எடுக்காதீர்கள். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, பிறகு 220. குழாயின் வளைவில் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பாலிஷ் போடுகிறவர் ஷூவில் துணியை ஓட்டுவது போல இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ஒரே சீராக வரும்.

குழிக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கிற துருவுக்குத் தாள் எட்டாது. பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் ரிமூவரைப் பிரஷ்ஷில் தொட்டு அங்கே மட்டும் வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழித்துத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவிடுங்கள். கையுறை அவசியம். குழாய்க்குள் அமிலம் போகாமல் ஓட்டைகளைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை, உள்ளிருந்தே அரிக்கும்.

புளியையும் எலுமிச்சையையும் வைத்துத் தேய்த்தால் போதுமா என்று கேட்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போதும். ஃபிரேம் துருவுக்குப் போதாது. சின்ன போல்ட் நட்டுகளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு எடுக்கலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஃபிரேமில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஃபிரேம் வெறுமையாக உங்கள் முன்னால் கிடப்பது பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான். அப்போது விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே பெயிண்டை அடித்து மூடினால், அடுத்த பத்து வருடம் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீயரிங் கழுத்தில் குழாய்கள் வந்து சேரும் வெல்டிங், இன்ஜின் மவுண்டிங் காதுகள், ஸ்விங் ஆர்ம் போல்ட் போகும் இடம், சைட் ஸ்டாண்டு பிராக்கெட், பின்னால் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெல்டிங் ஓரமாகத் தலைமுடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள்.

பட்டறைகளில் செய்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. சந்தேகம் உள்ள இடத்தைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெயோ டீசலோ தடவி கால் மணி நேரம் விடுங்கள். மேலே உள்ளதை உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். எங்கள் வண்டியில் சைட் ஸ்டாண்டு பிராக்கெட்டுக்கு மேலே இப்படி ஒரு அங்குலக் கோடு வந்தது. அதுவரை எத்தனையோ முறை அந்த இடத்தைத் துடைத்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. நல்ல வெல்டரிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் பிரைமர் டப்பாவைத் திறந்தேன்.

வெல்டிங் எல்லாம் பூச்சுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பூச்சுக்குப் பிறகு வெல்டு வைத்தால் சுற்றிலும் ஒரு சாண் கருகிப் போகும். குழாய் வளைந்திருந்தாலோ, கழுத்து வெல்டிங்கிலேயே விரிசல் என்றாலோ நீங்களே முடிவெடுக்காமல் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தை என்ன செய்வது?

அங்கே கிரைண்டர் போடாதீர்கள், பிளாஸ்டிங்கும் வேண்டாம், பட்டி வைத்தும் அடைக்காதீர்கள். நம்பர் பெரும்பாலும் ஸ்டீயரிங் கழுத்தில் குத்தியிருக்கும். தொடங்கும் முன் ஒரு காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வையுங்கள், ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தைக் கையால் மெல்லத் தேய்த்து மிக மெல்லிய ஒரு கை பெயிண்ட் மட்டும் போதும். எழுத்து தெரிய வேண்டும். நம்பர் அழிந்தால் எஃப்சி புதுப்பிக்கும்போதும் பெயர் மாற்றும்போதும் படுகிற பாடு பெரிது. வேண்டுமென்று அழித்தால் குற்றமே.

நிறத்தை மாற்றலாமா?

ஃபிரேம் மட்டும் கறுப்பிலிருந்து கறுப்பு என்றால் கேள்வியே இல்லை. வண்டியின் நிறம் ஆர்சியில் எழுதியிருக்கும். டேங்க், சைடு பேனல் என்று வண்டியின் நிறமே மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்சியிலும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆலிவ் பச்சை மட்டும் அடிக்கவே கூடாது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. ராணுவ வண்டி மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிற இளைஞர்கள் நிறைய. பெயிண்ட் கடையில் கலந்து கொடுத்துவிடுவார்கள், சாலையில்தான் மாட்டுவீர்கள்.

எந்த பிரைமர், எந்த பெயிண்ட்?

இரும்பு தெரிகிற ஃபிரேமுக்கு என் முதல் தேர்வு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர். ஒன்று பிரைமர், இன்னொன்று ஹார்டனர். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்க வேண்டும், கண் அளவு கூடாது. இரும்பைப் பிடித்துக்கொண்டால் விடாது, தண்ணீரையும் உள்ளே விடாது. இதைப் பிரஷ்ஷிலேயே அடிக்கலாம். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு மலிவு, கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊரில், உலர்ந்த காற்று என்றால் அதுவும் ஓடும். கடலோரத்தில் நான் அதை நம்பமாட்டேன்.

மேல்பூச்சில் மூன்று வழிகள். சிந்தடிக் எனாமல் மெதுவாகக் காயும், ஆனால் கையாள எளிது, பிரஷ்ஷுக்கும் ஒத்துவரும். என்சி நிமிடங்களில் காயும், பாலிஷ் போட்டால் மின்னும். ஆனால் பெட்ரோல் சிந்தினால் இளகிப் போகும். டேங்க் மூடியிலிருந்து வழிகிற ஒரு சொட்டே கோடு போட்டுவிடும். பியு (பாலியூரிதேன்) என்கிற, ஹார்டனர் கலந்த பெயிண்ட் மூன்றிலும் கெட்டி, பெட்ரோலுக்கும் அசையாது. அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: சிந்தடிக் எனாமல் மேல் என்சி அடிக்காதீர்கள். அப்பளம் பொரிவது போலச் சுருண்டு எழும்பும்.

டின் ஸ்ப்ரே, கன், பிரஷ். எது?

பிரஷ்ஷில் அடிப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நல்ல ஒன்றரை அங்குல பிரஷ், கொஞ்சம் தின்னர் சேர்த்த எனாமல், பொறுமையாக இரண்டு கை. ஃபிரேமில் முக்கால்வாசி டேங்குக்கும் இன்ஜினுக்கும் பின்னால் மறைந்துவிடப் போகிறது. தூசி, காற்று, பக்கத்து வீட்டுக் கார் என்று எந்தக் கவலையும் இல்லை. என் இரண்டாவது தடவையில் எபாக்சி பிரைமர் முழுக்க பிரஷ்தான்.

டின் ஸ்ப்ரே வசதியானது. ஒரு ஃபிரேமுக்குக் குறைந்தது மூன்று 400 மில்லி டப்பா பிடிக்கும், குழாய் என்பதால் பாதி காற்றில் போகிறது. அடிக்கும் முன் டப்பாவைக் கை பொறுக்கிற வெந்நீரில் சற்று வைத்து எடுத்தால் தூறல் மெல்லியதாக வரும். அடுப்பில் காட்டாதீர்கள், வெடிக்கும். உள்ளே குண்டு ஆடும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

கம்ப்ரஸரும் கன்னும் இருந்தால் மேல்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவு. கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்திருக்கும் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடிக்கும் முறை என்ன?

ஃபிரேமைக் கழுத்து ஓட்டையில் கம்பி கோத்துத் தொங்கவிடுங்கள், எல்லாப் பக்கமும் சுற்றி வர வேண்டும். சுத்தம் செய்ய முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத்தூள் தண்ணீர், காய்ந்த பிறகு தின்னர் துணி. ஈரத் துணியால் துடைத்த உடனே உலர்ந்த இன்னொரு துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் விடும். நானே பார்த்திருக்கிறேன், ஐந்து விரலும் தெரிந்தது.

மூலை, வெல்டிங், பிராக்கெட்டுக்கு உட்புறம் இவற்றை முதலில் அடியுங்கள். அப்புறம் அடிப்புறம், கடைசியில் வெளிப்பக்கக் குழாய். 20 சென்டிமீட்டர் தள்ளி, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். முதல் கை மூடவே கூடாது, பனி படிந்தது போல இருந்தால் போதும். 10, 15 நிமிடம் விட்டு அடுத்த கை. மூன்று மெல்லிய கை, ஒரு தடித்த கையைவிட எப்போதும் நல்லது. முற்றத்துத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி கிளம்பாது. பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா, கார் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த மாதத்தில் அடிக்கலாம்?

தை பிறந்த பிறகு, பங்குனி வரைக்கும் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். என் முதல் வேலை கார்த்திகையில், இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயில் நாளில். சாயங்காலம் நான்கு மணிக்குக் கறுப்பு என்சி அடித்தேன். ஐந்து நிமிடத்தில் கறுப்பின்மேல் பால் ஊற்றியது போல வெள்ளை பூத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது இரும்பின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்ததுதான் காரணம். ஆடியில் ஈரம் இல்லை, ஆனால் காற்று மண்ணை வாரிப் போடும். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் நிழலில் அடிப்பது நல்லது. நேர் வெயிலில் சுடுகிற இரும்பில் அடித்தால் பெயிண்ட் ஓடிப் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும்.

வழிந்துவிட்டது, பள்ளம் விழுந்துவிட்டது. என்ன செய்ய?

ஈரத்தில் தொடாதீர்கள். வழிசலை நன்றாகக் காயவிட்டு, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ 800 நம்பர் தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே ஒரு கை அடியுங்கள். கண் கண்ணாகப் பள்ளம் விட்டால் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ இருந்திருக்கிறது, அந்த இடத்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது நீங்கள் தள்ளி நின்றிருக்கிறீர்கள்.

மாஸ்க் கட்டாயமா?

கட்டாயம். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த இரண்டு குடுவை உள்ள மாஸ்க்தான் வேண்டும். பியு பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூறலை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்பு அதற்குப் பழுதுபட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும். தொழில்முறையில் அடிக்கிறவர்கள் வெளியிலிருந்து தனிக் காற்று வரும் முகமூடி போடுகிறார்கள். அது இல்லாமல் வீட்டில் பியு ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதுதான் வேண்டுமென்றால் ஃபிரேமை பிரைமர் வரை தயார்செய்து ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பூஜை அறை விளக்கு, கேஸ் அடுப்பு, ஊதுபத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். தின்னர் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அது பற்றிக்கொள்ள அடுத்த அறையில் எரிகிற விளக்கு போதும்.

பவுடர் கோட்டிங் கடைக்குக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

நண்பரின் ஃபிரேம் வெளியூரில் ஒரு கடையிலிருந்து வந்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. மாட்டப் போனால் எந்த போல்ட்டும் ஏறவில்லை. பூச்சு 60 முதல் 80 மைக்ரான் தடிப்பு வரும். மரையிலும் ஸ்டீயரிங் பேரிங்கின் கப் உட்காரும் இடத்திலும் அது ஏறினால் எதுவும் பொருந்தாது. அரத்தாலும் மரை டேப்பாலும் இரண்டு நாள் சுரண்டினோம், சுரண்டிய இடத்திலெல்லாம் பூச்சின் விளிம்பு உடைந்தது.

எனவே எல்லா மரையிலும் நீங்களே பழைய போல்ட்டைத் திருகி அனுப்புங்கள். கழுத்து கப், ஸ்விங் ஆர்ம் புஷ் இடம், எர்த் போல்ட் இடம், சேசிஸ் நம்பர் இவற்றை ஒரு தாளில் படம் வரைந்து கொடுங்கள். ரப்பர் புஷ், கிரீஸ் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, 200 டிகிரியில் கிரீஸ் உருகி வழிந்து பூச்சைக் கெடுக்கும். பட்டி வைத்த இடம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சாதாரண பட்டி அந்தச் சூடு தாங்காது. பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணலா, கார்னெட் என்கிற கடினமான கல் துகளா என்று கேளுங்கள். மணல் தூசி வேலை செய்கிறவரின் நுரையீரலை அழிக்கிறது, சிலிக்கோசிஸ் என்று பெயர். கார்னெட்டோ ஸ்டீல் கிரிட்டோ பயன்படுத்துகிற கடைக்குக் கொடுங்கள். பிளாஸ்டிங் முடிந்த அன்றே பூச்சு ஏற வேண்டும், ராத்திரி முழுக்க வெறும் இரும்பாகக் கிடந்தால் நம் ஊர் ஈரத்தில் காலையில் மஞ்சள் படிந்திருக்கும்.

வெயிலில் நிற்கிற வண்டிக்கு மேல்பூச்சு பாலியஸ்டர் பவுடராக இருக்க வேண்டும். எபாக்சி பவுடர் வெயிலில் வெளிறிப் பொடியாக உதிரும். கடலோரம் என்றால் அடியில் எபாக்சி பிரைமர் பவுடர், மேலே பாலியஸ்டர் என்று இரண்டு பூச்சாகக் கேளுங்கள், காசு கூடத்தான் ஆகும். ஃபிரேம் வந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள், குழாய்க்குள் தங்கிய துகள் கொட்டும். அது பேரிங்குக்குள் போனால் தீர்ந்தது.

எத்தனை நாள் கழித்து மாட்டலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. எனாமலும் டின் ஸ்ப்ரேயும் ஒரு வாரமாவது தொங்கட்டும், போல்ட் இறுக்கும் இடத்தில் வாஷருக்கு அடியில் பெயிண்ட் நசுங்கிப் பிதுங்காமல் இருக்க. பவுடர் ஆறினால் போதும், அன்றைக்கே மாட்டலாம்.

இன்ஜினைத் தூக்கி ஃபிரேமுக்குள் நுழைக்கும்போதுதான் அதிகம் கீறும். இன்ஜினை மரக்கட்டைமேல் நிறுத்தி, ஃபிரேமை அதன்மேல் இறக்குங்கள், இரண்டு பேர் வேண்டும். கீழ்க்குழாய்களில் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றிக்கொண்டால் ஒரு கீறலும் விழாது.

எல்லாம் மாட்டியாயிற்று, ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை. வயரிங் போய்விட்டதா?

வயரிங் போகவில்லை. இந்தச் சிறு வண்டிகளில் ஃபிரேம்தான் எர்த். எர்த் வயர் மாட்டும் போல்ட்டுக்கு அடியில் புதுப் பெயிண்ட் உட்கார்ந்து கரண்டைத் தடுக்கிறது. அந்த ஒரு இடத்தில் நாலணா அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரியும்படி சுரண்டி, வளையத்தை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். இக்னிஷன் காயில் மாட்டும் இடத்துக்கும் இதே கதைதான், வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

குழாய்க்குள் துரு பிடிக்காதா?

பிடிக்கும், வெளியிலிருந்து தெரியாது. பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு, மெழுகு கலந்த ஸ்ப்ரேயை நீண்ட குழலோடு வாங்கி ஓட்டைகள் வழியாக உள்ளே அடித்து, ஃபிரேமை நாலு பக்கமும் புரட்டிவிடுங்கள். பூச்சுக்கு முன்னால் எண்ணெய் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள், அடிக்கும்போது கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். அடியில் இருக்கும் சின்ன வடிகால் ஓட்டைகளைப் பெயிண்டால் அடைத்துவிடவும் கூடாது.

மிச்சப் பெயிண்டை என்ன செய்வது?

கழுவிக் காயவைத்த நெயில் பாலிஷ் பாட்டிலில் ஊற்றி, எந்த பெயிண்ட், எந்த மாதம் அடித்தது என்று ஒட்டி வையுங்கள். மூடியிலேயே பிரஷ் இருக்கிறது. கல் தெறித்து வெள்ளையாகத் தெரிகிற அன்றைக்கே, துடைத்துவிட்டு ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் ஐந்து வருடத்தில் அப்படிப் பதினொரு இடம் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்க்குழாயில். ஹார்டனர் கலந்தது என்றால் மிச்சம் வைக்க முடியாது, கொஞ்ச நேரத்தில் டப்பாவிலேயே கல்லாகும். அதற்கு அதே நிறத்தில் எனாமல் நூறு மில்லி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.